மாப்பிள்ளைகளின் போன் சண்டை

“காசைக் கொட்டி ஒரு ஆப்பிள் படத்தை வாங்கியிருக்கீங்க சகலை. அதோட ஒரு போனும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.”

மூத்த மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார். இளையவர் சும்மா இருப்பாரா?

“உங்க ஆண்ட்ராய்டுல இருக்கிற பாதி வசதி எதுக்குன்னு உங்களுக்கே தெரியாது. இதுல அடுத்தவன் போனைக் கிண்டல் பண்ண வந்துட்டீங்க.”

சோபாவில் இரண்டு பேருக்கும் நடுவே மாமனார். பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர். கை, கால் ஓரளவு சரியாகிவிட்டன. பேச்சுதான் குழறியது. தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து, மட்டமான சரக்கைக் கண்டால் முதலாளியையே அதட்டியவர். இப்போது குழறுகிற வெட்கத்தில் வாயையே மூடிக்கொண்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

மூத்த மகளும் என்னென்னவோ கேட்டுப் பார்த்துவிட்டாள். கெஞ்சியும் பார்த்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவின் குரலை இனிமேல் கேட்கவே மாட்டோமோ என்கிற பயம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில் ஞாயிறு தவறாமல் இந்தக் கூத்து வேறு.

“என் போனை ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரம் முழுக்கத் தாங்கும். நீங்களே சொல்லுங்க மாமா.”

“என் போன் தண்ணியில விழுந்தா அதுவே நீந்திக் கரைக்கு வந்துடும். தெரியுமா மாமா?”

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மூத்த மகளுக்குப் பொறுக்கவில்லை. குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அப்பாவின் முகம் சிவந்து கிடந்தது. இளைய மருமகன் கையிலிருந்த போனை நோக்கி விரலை நீட்டியிருந்தார். உதடு துடித்தது.

“போதும், நிறுத்துங்க. உடம்பு முடியாதவரை நடுவுல உட்கார வச்சுக்கிட்டு என்ன சண்டை இது?”

“இல்லம்மா, நாங்க சும்மா...” என்று இழுத்தார் கணவர்.

“சும்மாவா? அவர் முகத்தைப் பாருங்க. எவனோ கல்லா கட்டுறதுக்கு நீங்க ஏன் தொண்டை வறளக் கத்துறீங்க? போன் மேல இருக்கிற பாசத்துல பாதி மனுஷன் மேல இருக்கக் கூடாதா?”

இளையவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் மாமனார் இருப்பதைப் பார்த்தார். எழுந்துகொண்டார்.

“வாங்க சகலை, கீழே போய்க் கொஞ்சம் காத்து வாங்கலாம்.”

இருவரும் படியிறங்கிப் போனார்கள். போன அவசரத்தில் இளையவர் தன் போனை டீப்பாயிலேயே விட்டுவிட்டார். இரண்டு நிமிடத்தில் அது அடித்தது. திரையில் ‘வீடு’ என்று வந்தது.

அவர் வீட்டிலிருந்து தங்கைதான். வசமாக மாட்டினாள். உன் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு என்று நாலு வார்த்தை கேட்டுவிடும் வேகத்தில் எடுத்தாள்.

பேசியது ஒரு ஆண் குரல்.

“டேய், நான்தான். என் வீட்டு போன்ல இருந்து பேசுறேன். என் போனை எப்போடா திருப்பித் தருவே? நீதான் உன் ஐபோனைக் கொடுத்துட்டு உன் சகலை வச்சிருக்கிற போனுக்கே மாறிட்டியே. வாராவாரம் சண்டை போட என் போனா கிடைச்சுது?”

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்தக் குரல் மூச்சு விடாமல் தொடர்ந்தது.

“சரி, அதை விடு. இந்தச் சண்டை நடிப்புன்னு வீட்டுல சொன்னா அவங்க முகத்தை வச்சே பெரியவர் கண்டுபிடிச்சுடுவாருன்னு மூடி மறைக்கிறீங்க, நியாயம்தான். போன வாரம் நீங்க விட்ட கதையைக் கேட்டு ‘புளுகு’ன்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னு ரெண்டு பேரும் குதிச்சீங்களே. இன்னிக்கு ஏதாவது பேசினாரா?”

எப்பேர்ப்பட்டவர்களை விரட்டிவிட்டோம் என்று அவளுக்கு உடம்பே கூசியது. போனைக் காதிலிருந்து எடுக்கவும் தோன்றவில்லை.

பின்னால் சோபாவில் அசையும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும்... சொல்றது... பொய். நான்... பதில் சொல்லணும். அவங்களைக்... கூப்பிடும்மா.”