பொத்தான் எந்தப் பக்கம்?

மணிலா துறைமுகச் சுங்க அலுவலகம். சாப்பாட்டு இடைவேளையில் பரிசோதகர் ரொடெல், முன்பக்கம் பொத்தான் வைத்த பின்னலாடை ஒன்றை உடன் வேலை பார்க்கும் லிகாயாவின் மேஜைமேல் விரித்தார்.

"லிகாயா, இது ஆம்பளைங்க போடுறதா, பொம்பளைங்க போடுறதா?"

"என்னண்ணே, வேலைக்குப் புதுசா நீங்க? வலது பக்கம் மேல வந்து மூடுது பாருங்க. பொம்பளைங்க உடைதான்."

"காகிதத்துல ஆண்ணு போட்டிருக்கே?"

"காகிதம் ஆயிரம் சொல்லும். நாம துணியைப் பார்த்துத்தானே முடிவு பண்றோம்?"

"இருபது வருஷமா அப்படித்தான் பதிவாயிருக்கு."

"அப்போ இருபது வருஷமா தப்பா இருக்கு. இப்பவாச்சும் திருத்துங்க. இதுக்குப் போய் ஏன் முகம் வாடுது?"

ரொடெல் உடையை மடித்துப் பரிசுப் பெட்டிக்குள் வைத்தார். இப்படி ஓர் உடை வேண்டும் என்று கேட்டதற்காகத்தான் ஜெரிகோவிடம் ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தார்.

காலையில் எழுதிய வாழ்த்து அட்டையைப் பையிலிருந்து எடுத்தார். 'என் மகன் ஜெரிகோவுக்கு, இருபதாவது பிறந்தநாள் வாழ்த்து' என்றிருந்தது.

'மகன்' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'மகள்' என்று எழுதினார். பிறகு, கோப்பில் திருத்தம் செய்தால் போடுவதுபோலவே, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார்.