மகாராணியின் மக்கர்

"என்னம்மா இது! இன்னைக்கும் தள்ளிக்கிட்டே வர்ற?"

மருமகள் கேட்டைத் திறப்பதற்குள் மாமனாரின் குரல் வாசலுக்கு வந்துவிட்டது.

"செயின் தளர்ந்து கடகடன்னு சத்தம் மாமா. பயந்து இறங்கிட்டேன்."

"தளராம? எண்ணெய் போட்டியா?"

"மறந்துட்டேன் மாமா."

"சாப்பிட மறந்தியா? ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய். ஆயிரத்துக்கு ஒரு தடவை தொய்வு பார்த்து டைட் பண்ணணும். ரெண்டாயிரம் ஓடினா இன்ஜின் ஆயில். எத்தனை தடவை சொல்றது? என்கிட்ட மகாராணி மாதிரி இருந்த வண்டிம்மா இது!"

மருமகள் பிறப்பதற்கு முன்பே அவர் வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. போன வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை முடங்கிப்போனது. அதிலிருந்து வண்டியை அவள்தான் ஓட்டினாள். வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து வரும் லேப் வேலை அவளுக்கு. தினமும் ஊரையே ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

மாமனார் முக்காலியை இழுத்துப் போட்டு, ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார். திட்டு மட்டும் நிற்கவில்லை.

மருமகளோ முகம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த புருஷனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா? போன வாரம் பிளக், அதுக்கு முந்தின வாரம் கிளட்ச் கேபிள், இப்ப செயின். உடம்பு முடியாத மனுஷனை வாரா வாரம் வண்டி முன்னால உட்கார வைக்கிறியே!"

"வண்டின்னா மக்கர் பண்ணத்தானேங்க செய்யும்?"

"புதுசா ஸ்கூட்டர் வாங்கித் தர்றேன்."

"வேண்டாங்க. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

இவளிடம் பேசிப் பயனில்லை, வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினான் அவன். அடுத்த சனிக்கிழமை சாயந்திரம், ஆள் யாராவது கிடைப்பார்களா என்று கேட்க, தெருமுனை மெக்கானிக் ஷெட்டுக்குப் போனான்.

அங்கே மகாராணி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு அவன் மனைவி.

"அண்ணே, இந்த வாரம் இன்ஜின் டேப்பெட்டைக் கொஞ்சம் கலைச்சு விடுங்க. ஓட்ட மாட்டேன். இங்கேருந்து தள்ளிக்கிட்டே போயிடறேன்."

"நல்லா ஓடற வண்டியைக் கெடுக்கச் சொல்லி என்கிட்ட வர்ற ஒரே ஆள் நீதாம்மா," என்றார் மெக்கானிக். "சரி, அதை விடு. போன வாரம் உன் மாமனார் முடுக்கின நட்டை இப்பதான் கழட்டிப் பார்த்தேன். அது கழல்றதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுடுச்சு!"

"நிஜமாவா அண்ணே? அதானே எனக்கு வேணும்!" அவள் கை தட்டிச் சிரித்தாள்.

"என்ன நடக்குது இங்கே?"

புருஷன் குரல் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவனை ஓரமாக இழுத்துப் போனாள்.

"கைக்குப் பயிற்சின்னு டாக்டர் ஒரு ரப்பர் பந்து குடுத்தாரே, மாமா அதை ஒரு நாளாவது அமுக்கினாரா? நான் என்ன குழந்தையான்னு தூக்கிப் போட்டுட்டார். அப்புறம் ஒருநாள் நிஜமாவே செயின் தளர்ந்துச்சு. கரண்டி பிடிக்க முடியாத கை, ஸ்பேனரைப் பிடிச்சுதுங்க. நடுங்கிக்கிட்டே ஒரு திருகு. நான் ஜன்னல் வழியா பார்த்தேன். அன்னையிலேருந்துதான் இந்த மக்கர். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா ரோஷத்துல வண்டியைத் தொடவே மாட்டார்."

எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, வண்டியை அவனே வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான்.

"வந்துட்டாங்கப்பா ஜோடியா!" வாசலிலேயே ஆரம்பித்தார் அப்பா. "இன்னைக்கு என்ன?"

"இன்ஜின்ல டக்டக்னு சத்தம் மாமா," என்றாள் மருமகள்.

"அப்ப டேப்பெட்தான். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்க்கற சமாசாரம்மா அது! வண்டி ஓட்டறியா, இல்ல குதிரைப் பந்தயத்துக்குப் போறியா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். வலது கையால் ஸ்பேனரை எடுத்து, நட்டில் பொருத்தி, அழுத்தித் திருப்பினார். கை நடுங்கவில்லை. மகன் இத்தனை நாள் அதைக் கவனித்ததே இல்லை.

"அப்பா, இனிமே அவளைத் திட்டாதீங்கப்பா," என்றான்.

அப்பா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏண்டா, ஆயிரம் கிலோமீட்டர் தாங்கற செயின் நூறு ஓடறதுக்குள்ள தொங்கினா, யாரோ தொங்க விடறாங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்த வண்டியோட வாழ்ந்தவன்டா நான்."

"தெரிஞ்சுமா இந்தத் திட்டு திட்டறீங்க?"

"திட்டறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிடுவாளே! அப்புறம் வண்டி ஒழுங்கா ஓட ஆரம்பிச்சிடும்டா!"