எதுவும் வெடிக்கலை

ஆலையில் கருகிக் கிடந்த மனைவியின் உடலருகே கதறிய ஃபோர்மேன் சோலைமலையை, பட்டாசு முதலாளி காசிராஜன் எட்டி உதைத்தார்.

"ஏலே, வீட்டுல ஸ்டவ் வெடிச்சுச் செத்துட்டாள்னு சொல்லு. கம்பெனியில எதுவும் வெடிக்கலை. லைசென்ஸ் போச்சுன்னா உன்னையும் கொளுத்திருவேன்!"

பத்தாம் நாள் காசிராஜனுக்குப் பக்கவாதம். சோலைமலைதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"மூளையில ரத்தம் உறைஞ்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா, சமீபத்துல தலையில அடிபட்டிருந்தா மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு உயிர் போயிரும். அடி ஏதும் பட்டுச்சா?" என்றார் டாக்டர்.

பேச்சிழந்த காசிராஜன், அசைந்த ஒரே கையால் சோலைமலையின் சட்டையைப் பிடித்து வெறியோடு உலுக்கினார்.

"இல்ல சார்."

ஊசி ஏறியது.

சோலைமலை அவர் காதருகே குனிந்தான்.

"அன்னிக்கு வெடிச்சதுல நீங்களும் சுவத்துல மண்டை மோதிக் கொஞ்ச நேரம் மயங்கிக் கெடந்தீக, முதலாளி. ஆனா, கம்பெனியிலதான் எதுவும் வெடிக்கலையே."