கஞ்ச முதலாளி

“ராப்பகலா வீட்டு பிளான் வரைஞ்சு குடுக்கீங்க. அந்தக் கஞ்சப் பய முதலாளி ஒத்தப் பைசா கூட்டித் தருதானா?”

வைகாசி முழுக்க ஜாய்சி திட்டித் தீர்த்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவள் கணவன் வில்சன் சிரித்ததோடு சரி.

ஆடி பிறந்தது. பாளையங்கோட்டையில் ஒருத்தரும் புது வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டவில்லை. வில்சனின் லேப்டாப் மூடியே கிடந்தது. மகளின் ஸ்கூல் ஃபீஸ் வேறு பாக்கி நின்றது. இந்த மாசம் சம்பளம் வருமா? ஜாய்சி காலண்டரில் நாளை எண்ணினாள்.

ஒன்றாம் தேதி காலை அவள் போன் சிணுங்கியது. பேங்க் மெசேஜ். வழக்கமான சம்பளம், ஒரு ரூபாய் குறையவில்லை!

“வேலையே இல்லாம முழுச் சம்பளமா! மகராசன், நல்லா இருக்கட்டும். போன் போட்டுத் தாங்க, ஒரு வார்த்த நன்றி சொல்லுதேன்.”

“போன் எதுக்கு? அவன் இங்கனதான் இருக்கான்.”

“எங்கன?”

வில்சன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். “கம்பெனிய விட்டு வருசம் ஒண்ணாச்சு. நீ பயந்துருவன்னு சொல்லல. இப்ப சொந்தமாத்தான் வரையுதேன். வர்ற காசெல்லாம் தனிக் கணக்குல கிடக்கும். கூட வந்தாலும் கொறைய வந்தாலும் ஒண்ணாந்தேதி வீட்டுக்கு ஒரே சம்பளம்தான்.”

ஜாய்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த நொடியே இடுப்பில் கை வைத்தாள்.

“அப்ப அந்தக் கஞ்சப் பய நீங்கதானா? போன கிறிஸ்துமஸ் போனஸ எடுத்து வைங்க!”