கடைசி பெஞ்சின் கீழ் நீலப் பை

14 ஜூன் 2061

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். வெடிகுண்டு மிரட்டல் தினமும் வருவதால் போலீஸ் வருவதில்லை. எங்கள் மாலை வகுப்பறையை நாங்களே முறைவைத்துச் சோதிக்கிறோம். கடைசி பெஞ்சின் கீழ் எனக்குத் தெரியாத நீலப் பை ஒன்று இருந்தது. வெளியே நின்றவர்களிடம் பையின் படத்தைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். எல்லோருடைய பையும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில், சந்தேகப் பையைச் சிதறடிக்கும் ரோபோ வண்டியை உள்ளே அனுப்பிவிட்டேன்.

"என் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் அதுலதான்க்கா இருந்துச்சு," என்றாள் இன்று சேர்ந்த பெண்.

"விடும்மா, குண்டு இல்லல்ல," என்றான் கூடப் படிக்கும் சேர்மதுரை, என்னைக் கைகாட்டி. "இனிமே பூப்போட்ட பையா வாங்கு. இவளுக்கு ஞாபகம் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். மணி அடித்தது, கணக்கியல் பாடம் நடந்தது. அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

நாளை அவள் எந்தப் பை கொண்டுவருகிறாள் என்று பார்த்துவைக்க வேண்டும். பெயரையும் கேட்க வேண்டும்.