எண்பத்தேழாவது குழி

குச்சியை மறுபடியும் பிடுங்கிப் போட்டிருந்தார் ரெங்கசாமி.

இது மூன்றாவது தடவை. மரக்கன்று நடக் குழி தோண்ட வேண்டிய இடங்களில், அடையாளத்துக்காக முன்னூறு குச்சிகள் ஊன்றியிருந்தார்கள். மற்ற எதையும் அவர் தொடவில்லை. சரிவின் அடிவாரத்தில், பாதி புதைந்த பாறைக்குப் பக்கத்தில் இருந்த எண்பத்தேழாவது குச்சியை மட்டும்.

"இன்னைக்கு ரெண்டுல ஒன்னு பாத்துருவோம் டீச்சர்," என்றான் நிமலன். அவன் தோளில் குழி தோண்டும் அலவாங்கு.

சுதர்ஷினி தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சர். லயத்து வரிசை வீட்டு ஜனங்களே சேர்ந்து தொடங்கிய பசுமைச் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. நாற்பத்திரண்டு வீட்டிலும் புகை குறைந்த அடுப்பு வைத்தாயிற்று. அடுத்தது இந்தச் சரிவில் மரம் நடுவது. ஒன்பது வருஷத்துக்கு முன் பெய்த பேய்மழையில் சரிந்து, பழைய லயத்தையே மூடிய மலை இது.

"கார்பன் கார்பன்னு சொல்றீங்க. கார் ஓட்டுறவன் எவனோ. மலை மட்டும் நம்ம தலையிலயா விழணும்?" என்று முதல் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அவங்க திருந்துவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தா அடுத்த மலையும் வந்துரும்," என்று சொல்லித்தான் எல்லாரையும் இழுத்து வந்திருந்தாள்.

இப்போது அந்தப் பாறையடியில், கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றார் ரெங்கசாமி.

"இங்க மம்பட்டி படக்கூடாது."

"ஏன் மாமா, ஒங்க சொந்தக் காணியா?" என்றான் நிமலன்.

"படக்கூடாதுன்னா படக்கூடாது."

"இது அத்தை ஆசைப்பட்டுக் கேட்ட எடம் மாமா!"

அதுதான் எல்லாருக்கும் ஆத்திரம். ரெங்கசாமி, விஜயலெட்சுமி தம்பதிக்கு நிஷாந்தினி ஒரே மகள். மலை சரிந்தபோது ஏழு வயசு. மண்சரிவில் போனவள், உடல்கூடக் கிடைக்கவில்லை. செத்துப் போனாள் என்று யாராவது சொன்னால் விஜயலெட்சுமி ஒத்துக்கொள்ளமாட்டாள். "யாராச்சும் தூக்கிட்டுப் போயிக் காப்பாத்தியிருப்பாங்க," என்பாள். மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மகளின் போட்டோவோடு அவளைத் தேடிப் பதுளை டவுனுக்கு பஸ் ஏறிவிடுவாள்.

சங்கத்திடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாறைகிட்ட ஒரு பலாக்கன்னு. எம்மக வந்தா நம்ம வீடு இருந்த எடம் தெரியணுமில்ல?"

"பெத்தவ கேட்ட மரத்துக்கே குறுக்க நிக்கிறாரே, இவரெல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"சங்கத்தை விட்டே தள்ளிருவோம் டீச்சர்," என்றான் நிமலன்.

"நீங்க எல்லாரும் மேல போயி வேலையைப் பாருங்க," என்று அவர்களை அனுப்பிவிட்டு சுதர்ஷினி திரும்பினாள். அவளுக்கும் பொறுமை போயிருந்தது.

"வெக்கமா இல்லையாண்ணே? பிள்ளையைத் தேடித் தேடியே ஓடாத் தேஞ்சிட்டாங்க அக்கா. ஒரு மரம் கேட்டதுக்குக் கத்தியைத் தூக்கிட்டு நிக்கிறீங்களே!"

ரெங்கசாமி கத்தியைக் கீழே போட்டார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"ரெண்டு அடிதான் டீச்சர்."

"என்னது?"

"அதுக்கு மேல தோண்ட முடியல. வெறுங்கையாலதான தோண்டுனேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"மூனாம் நாளு நான்தான் பிள்ளையக் கண்டெடுத்தேன். பெத்தவ பாக்குற மாதிரி இல்ல டீச்சர். யாருக்கும் சொல்லாம என் சட்டையில சுத்தி இங்கேயே வச்சு மூடிட்டேன். கெடைக்கலன்னு சொல்லிட்டேன். எங்கேயோ இருக்கான்னாச்சும் அவ நெனச்சுக்கட்டுமேன்னு..."

மேலே சரிவில் மம்பட்டிகள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவ கண்ணு முன்னால இங்க குழி எடுத்தா என்னா ஆகும்?"

தான் பேசியதை நினைத்து சுதர்ஷினிக்கு உடம்பு கூசியது.

"நான் பாத்துக்கிறேண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

லயத்து ஜனங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் விஜயலெட்சுமி பலாக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யை சுதர்ஷினி சொன்னாள்.

"அக்கா, அந்த எடத்துல அடியில பூராவும் பாறை. கன்னு புடிக்காது. பத்தடி தள்ளி வைப்போமா?"

விஜயலெட்சுமி அவள் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லிட்டாரா?"

சுதர்ஷினி மெல்லத் தலையசைத்தாள்.

"மூனாம் நாளு சாயங்காலம் நாங்க தங்கியிருந்த கேம்புக்கு வந்தாரு. ஒடம்புல சட்டை இல்ல. அந்தக் குளிர்ல, அந்த மழையில. 'பிள்ள கெடைக்கல'ன்னாரு. சட்டை எங்க போச்சுன்னு நான் கேக்கல."

"எடம் எப்பிடிக்கா தெரியும்?"

"அந்தப் பாறைகிட்ட வந்தா செருப்பைக் கழட்டிட்டுத்தான் நடப்பாரு. ஒம்பது வருஷமாப் பாக்குறேன்."

"அப்ப மாசா மாசம் பதுளைக்குப் போறது?"

"பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்."

பலாக்கன்றைத் தூக்கி சுதர்ஷினியின் கையில் கொடுத்தாள்.

"பிள்ளைக்கு ஒரு நெழல் இருக்கட்டும்னுதான் பாறைகிட்ட கேட்டேன்; நீங்க சொன்ன மாதிரி தள்ளியே வைங்க டீச்சர். அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. நான் நம்பிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுத்தான் அந்த மனுஷன் இன்னும் உசுரோட இருக்காரு."