மலை வந்த விதம்

"இந்தக் காலத்துச் சனத்துக்கு மலை சரியுறதையும் நாற்காலியில சாஞ்சுகிட்டு, கடலை கொறிச்சுகிட்டே பாக்கணுமாம். வெக்கங்கெட்ட கூட்டம்!"

திட்டிக்கொண்டேதான் உள்ளே வந்தார் முத்துவீரன். செருப்பை மட்டும் மரியாதையாக வாசலில் விட்டார்.

றக்வானைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கிடையாது. தொங்கும் தொட்டில்களுக்கு நடுவே டீவிக்காரர்களின் கொம்பியூட்டர் உட்கார்ந்திருந்தது. பிள்ளை பார்க்கும் மூக்காயி பின்கட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

வேறொரு கிரகத்துக்குக் கூலிகளாய்க் கப்பலேறிப் போன சனத்தின் கதையைத்தான் அவர்கள் டீவிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பாகம். நாற்பது வருசமாக ஆட்கள் திரும்பத் திரும்ப வாசிக்கிற விஞ்ஞானக் கதை. இரண்டாம் பாகத்தில் அந்தச் சனத்தின் குடியிருப்பு மேல் மலை சரிகிறது. புத்தகத்தில் அதற்கு ஒரே வரிதான்: 'காலையில் ஊர் இருந்தது.' எழுதினவர் அதோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். டீவிக்காரன் அப்படித் தாண்டிப் போக முடியுமா? மலையைக் காட்டியே ஆக வேண்டும்.

அந்த மலையைக் கொம்பியூட்டரில் செய்கிறவள் ஷாமிளா. பதினாலு தரம் சரித்துக் காட்டியும் டைரக்டர் ஹிஷாமுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னைக்கும் சரிவரல்லன்னா அந்தக் கட்டத்தையே வெட்டிடுவேன். வாசிச்சவங்க என்னை உரிச்சுத் தொங்கவிட்டாலும் பரவாயில்ல" என்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

எட்டு வருசத்துக்கு முந்திய மழையில் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் முழுசாக மண்ணுக்குள் போனது. அந்த லயத்தில் மிஞ்சினவர் முத்துவீரன் ஒருவர்தான் என்று தோட்டத்தில் சொன்னார்கள். கூப்பிட்டு அனுப்பும் முன்பே அவராக வந்து நின்றார்.

"ஒங்ககிட்ட மலை விழுறது இருக்காமே? போடு பாப்போம்."

ஷாமிளா போட்டாள். திரையில் ஒரு பச்சை மலை. அடியில் நீளமாய் ஒரு லயம். மேலே இரண்டு நிலா.

"பகல்ல ரெண்டு நிலா! பொய்யிலயும் ஒரு கணக்கு வேணாமா?"

"அது வேற கிரகம் தாத்தா."

"வேற கிரகத்துலயும் நமக்கு லயந்தானா?"

ஹிஷாம் சிரித்தான். நிவித்திகலப் பக்கத்து லயமொன்றில் பிறந்த ஷாமிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மலை இடி போல முழங்கியது. அதன் நெற்றியில் ஒரு கீறல் விழுந்தது. பாயைச் சுருட்டுவது போலச் செடியும் கல்லும் மரமும் சுருண்டு இறங்கின. முத்துவீரனின் கை தன்னாலே எழும்பி வாயைப் பொத்தியது. திரை அடங்கின பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

"இல்ல" என்றார் கடைசியில்.

"என்னாங்க தாத்தா இல்ல?"

"இவ்வளவு சத்தம் போட்டா நாய்கூட எந்திரிச்சு ஓடிப்போயிரும். ஒரு உசிரு உள்ள நிக்குமா? சத்தத்தக் கொற."

கொம்பியூட்டர் அரை மணி நேரம் முனகியது. கிழவர் இடத்தை விட்டு அசையவில்லை.

இந்த முறை மலை சத்தமில்லாமல், நின்று நின்று வந்தது. முழக்கத்தைவிட அதுதான் பயங்கரம். "யா அல்லாஹ்!" என்றான் ஹிஷாம்.

"இல்ல. இப்பிடி நின்னு நின்னு வந்தா, புள்ளையத் தூக்கிகிட்டு தேயிலை ஸ்டோர் பக்கம் ஓடியிருக்கலாம். யாரும் ஓடலையே. வேகமாத்தான் வந்திருக்கணும்."

இன்னும் அரை மணி நேரம். இப்போது மலை கண் மூடித் திறப்பதற்குள் வந்து, லயம் இருந்த இடத்தில் படுத்துக்கொண்டது. தன் கையால் செய்த ஷாமிளாவே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"இதுதான்! ஐயா, இதுதானே?" ஹிஷாம் எழும்பி நின்றுவிட்டான்.

முத்துவீரன் திரைக்குக் கிட்டே போனார். லயத்தின் நாலாவது காம்பரா வீட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதுல அடுப்புப் புகை போடு, புள்ள. பின்னேரம் மூணு மணிக்கு எம் பொஞ்சாதி அடுப்பு மூட்டியிருப்பா."

ஷாமிளா புகையைப் போட்டாள். மெல்லிய புகை கூரைக்கு மேலே எழும்பியது. மலை வந்து புகையை வாயில் போட்டுக்கொண்டது.

"திரும்பப் போடு."

போட்டாள்.

"திரும்ப."

ஆறு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல. இதுவும் இல்ல. ஒங்க மெசினுக்கும் ஒரு மண்ணும் தெரியல."

செருப்பை மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கிவிட்டார். ஹிஷாம் வாசலுக்கு ஓடினான்.

"ஐயா! நில்லுங்க ஐயா! கண்ணால கண்டவர் நீங்க ஒருத்தர்தான். எப்பிடி விழுந்திச்சுன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க!"

தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்த மூக்காயி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அவரு எங்க சேர் கண்டாரு? அன்னைக்குக் காலை பஸ்ஸில றக்வானைக்குப் போனவரு, கடைசி பஸ்ஸிலதான் வந்து எறங்குனாரு. எப்பிடி விழுந்துச்சு, எப்பிடி விழுந்துச்சுன்னு எட்டு வருசமா ஊரெல்லாம் கேட்டுகிட்டுத் திரியுறாரு. நீங்க காட்டுறீங்கன்னுல்ல வந்தாரு!"

கீழே வளைவில், "அப்பிடி வந்திருக்காது" என்று தனக்குத்தானே சொல்லியபடி முத்துவீரன் போய்க்கொண்டிருந்தார்.